அச்சில் இல்லாத தருணங்களுக்கு ஓர் அட்டை

பொங்கல் நெருங்கினால் வாழ்த்து அட்டைகளைப் பற்றிய ஏக்கமும் கூடவே வந்துவிடுகிறது. கடை வாசலில் கயிறு கட்டித் தொங்கவிட்ட அட்டைகள், சிவகாசி அச்சில் மினுங்கிய கரும்பும் காளையும், சாமி படங்கள், நடிகர் படங்கள், மார்கழிக் கடைசியில் தபால்காரர் சுமந்த கனத்த பை என்று அந்தப் பட்டியல் பலருக்கும் மனப்பாடம். கைப்பேசி வந்து எல்லாவற்றையும் கெடுத்துவிட்டது என்பது அந்த ஏக்கத்தின் தீர்ப்பு. இனி நாமே கையால் அட்டை செய்து பழைய வழக்கத்தை மீட்க வேண்டும் என்பது அதன் அறிவுரை. அறிவுரையில் குறையில்லை, அதற்குச் சொல்லும் காரணத்தில்தான் குறை. அச்சிட்ட அட்டை செய்த வேலையைக் கைப்பேசி அதைவிட விரைவாகவும் செலவின்றியும் செய்கிறது. அந்தக் காலியிடத்தை நிரப்பக் கைவேலை அட்டையை அனுப்பினால் அது தோற்றுத்தான் போகும். வண்ணத்தாள், துணி, நூல், உலர்ந்த இலை, பழைய பயணச்சீட்டு எனப் பல பொருள்களைச் சேர்த்து ஒட்டியும் தைத்தும் செய்கிற அட்டைக்கு வேறு வேலை இருக்கிறது. அச்சிட்ட அட்டை ஒருநாளும் எட்டிப் பார்க்காத தருணங்களே அதற்கு உரிய இடம்.

இதை விளங்கிக்கொள்ள அச்சு அட்டை எதற்காகப் பிறந்தது என்று பார்க்க வேண்டும். 1840-இல் பிரிட்டனில் ஒரு பென்னிக்கு நாடெங்கும் கடிதம் அனுப்பும் முறை வந்தது. அந்தச் சீர்திருத்தத்துக்காக உழைத்தவர்களில் ஒருவர் ஹென்றி கோல். தபால் மலிவானதும் கிறிஸ்துமஸ் கடிதங்கள் குவிந்தன. ஒவ்வொன்றுக்கும் பதில் எழுத அவருக்கு நேரமில்லை. 1843-இல் ஜான் கால்காட் ஹார்ஸ்லி என்ற ஓவியரிடம் ஒரு படம் வரையச் சொல்லி, ஆயிரம் பிரதி அச்சிட்டு, தமக்கு வேண்டியது போக மற்றவற்றை ஒன்று ஒரு ஷில்லிங் என்று விற்பனைக்கு விட்டார். யாருக்கு, யாரிடமிருந்து என்று பெயர் எழுதிக்கொள்ள அட்டையில் இடம் விட்டிருந்தது. விற்பனைக்கு வந்த முதல் கிறிஸ்துமஸ் அட்டையாக அறியப்படும் அது, தனித்தனியாக எழுத வேண்டிய கட்டாயத்திலிருந்து ஒரு மனிதரைக் காப்பாற்றுவதற்காகவே உருவானது. ஒரே வாழ்த்தைப் பலருக்கு, குறைந்த உழைப்பில் சேர்ப்பது அதன் நோக்கம். நம்மூர்ப் பொங்கல் அட்டையும் அந்த நோக்கத்துக்கே பயன்பட்டது. ஒரு கட்டு வாங்கி, முகவரி எழுதி, கீழே கையெழுத்திட்டு அனுப்பிய அட்டைகளே மிகுதி.

இந்த நோக்கத்தை முழுமையாக நிறைவேற்றியது கைப்பேசிதான். ஒரு விரல் தொடுதலில் இருநூறு பேருக்கு ஒரே படம் போய்ச் சேர்கிறது. பெயர் எழுதும் வேலைகூட இல்லை. அதன் விளைவையும் பார்த்தோம். இந்தியர்கள் நாள்தோறும் அனுப்பும் காலை வணக்கப் படங்கள் கைப்பேசிகளின் சேமிப்பிடத்தை அடைத்துக்கொள்வதாக 2018 தொடக்கத்தில் செய்திகள் வெளிவந்தன. அத்தகைய படங்களைக் கண்டுபிடித்து அழிக்கும் வசதியை கூகுள் நிறுவனம் தன் செயலி ஒன்றில் சேர்த்தது. அனுப்புவதும் இயந்திரம், துடைத்துப் போடுவதும் இயந்திரம் என்ற நிலைக்கு வாழ்த்து வந்துவிட்டது. ஜப்பானில் புத்தாண்டு அன்று காலையில் அஞ்சலட்டைகள் வீடு வந்து சேரும் வழக்கம் மிக வலுவானது. 1949 முதல் அந்த அட்டைகளில் குலுக்கல் எண்களும் அச்சாகின்றன. அங்கேகூட, இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்டுக்கு 400 கோடிக்கு மேல் அச்சான அட்டைகள் இப்போது கால்பங்குக்கும் குறைவாகச் சுருங்கிவிட்டன. இதற்காக யாரையும் குறை சொல்ல வேண்டியதில்லை. ஊருக்கெல்லாம் ஒரே வாழ்த்து என்ற தேவைக்குக் காகிதம் இனி தேவைப்படாது, அவ்வளவுதான்.

காகிதமும் கையும் தேவைப்படும் இடம் எது என்பதே இனி நம் கேள்வி. கடைகளில் அட்டை அடுக்குகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: பிறந்தநாள், திருமண நாள், காதலர் தினம், பண்டிகைகள். ஆயிரக்கணக்கில் விற்கும் தருணங்களுக்கு மட்டுமே அச்சகம் அட்டை போடும். பிளஸ் டூ தேர்வில் தோற்ற பையனுக்கு அட்டை கிடையாது. அறுவை சிகிச்சை முடிந்து மூன்றாவது மாதம், பார்க்க வருவோர் நின்றுபோன பிறகு தனியே படுத்திருக்கும் அத்தைக்குக் கிடையாது. முப்பது வருடம் ஒரே பள்ளியில் சத்துணவு சமைத்து ஓய்வு பெறுபவருக்கும், முதல் சம்பளத்தில் வீட்டுக் கடனை அடைத்த மகளுக்கும் கிடையாது. துக்கத்திலும் அப்படித்தான். கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி அன்றே ஒட்டப்படுகிறது, பதினாறாம் நாள் காரியத்துக்குப் பத்திரிகை அடிக்கப்படுகிறது. அதற்குப் பிறகு, வீடு வெறிச்சோடும் மாதங்களில், இறந்தவரின் மனைவிக்கு எழுத ஒரு வடிவமும் நம்மிடம் இல்லை. மகிழ்ச்சியிலோ நம் வாழ்த்துகள் தெருவைப் பார்த்தே நிற்கின்றன. காதணி விழாவுக்கும் திருமணத்துக்கும் வைக்கும் பிளெக்ஸ் பேனரில் வாழ்த்துபவர்களின் முகங்கள் வரிசையாக இருக்கும், படிப்பவர் வழிப்போக்கர். வாழ்த்துப் பெறுபவர் ஒருவர் மட்டுமே படிப்பதற்கென்று ஒரு வாழ்த்து இந்த ஏற்பாட்டில் அபூர்வம். கையால் செய்யும் அட்டை நிரப்ப வேண்டியது இந்த இடத்தைத்தான்.

பல பொருள்களைக் கலந்து செய்யும் முறை இதற்கு ஏன் பொருந்துகிறது என்பதற்கும் காரணம் உண்டு. 1912-இல் பிக்காசோ ஓர் ஓவியத்தில் பிரம்பு நாற்காலியை வரைவதற்குப் பதிலாக, பிரம்புப் பின்னல் அச்சிட்ட மெழுகுத் துணியை ஒட்டி, சட்டத்துக்குப் பதில் கயிற்றைச் சுற்றினார். நவீன ஒட்டுச்சித்திரத்தின் தொடக்கங்களில் ஒன்றாக அது பேசப்படுகிறது. பொருள்களைக் கலப்பது நமக்குப் புதிதும் இல்லை. தஞ்சாவூர் ஓவியத்தில் பலகை, அதன்மேல் துணி, சுண்ணாம்புப் பொடியும் கோந்தும் குழைத்த புடைப்பு, கண்ணாடிக் கற்கள், தங்க ரேக்கு, வண்ணம் எல்லாம் ஒரே படத்தில் சேர்கின்றன. அங்கே எதுவும் சும்மா ஒட்டப்படுவதில்லை. நகை இருக்கும் இடத்தில் கல்லும், ஒளி வேண்டிய இடத்தில் தங்கமும் வருகின்றன. அட்டைக்கும் இதுவே அளவுகோலாக இருக்க வேண்டும். ஓய்வு பெறும் தையல்காரருக்குச் செய்யும் அட்டையில் அவர் கடை வாசலில் விழுந்த வெட்டுத்துணியும், ஊசி ஓட்டிய ஒரு வரி நூலும் போதும். ஊர் மாறிப் போகும் பக்கத்து வீட்டுக்காரருக்கு அவர்கள் தினமும் ஏறிய பேருந்தின் பயணச்சீட்டும், தெருமுனை வேம்பின் இலையும் பேசும். இறந்துபோன பாட்டியின் நைந்த சேலைக் கரையில் இரண்டு அங்குலம், பேத்தியின் திருமண அட்டையில் இருந்தால் அதற்கு ஈடான வாசகம் எந்த அச்சகத்திலும் கிடைக்காது. வரைந்த படம் ஒன்றை நினைவூட்டும். ஒட்டிய பொருளோ அந்த வாழ்க்கையிலிருந்தே பிய்த்து எடுத்த துண்டு. வரையத் தெரியாதவர்களுக்கு இந்த முறை கைகொடுப்பதும் இதனால்தான்.

கையால் செய்ததாலேயே ஓர் அட்டைக்கு மதிப்பு வந்துவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வூஸ்டர் நகரில் எஸ்தர் ஹௌலண்ட் என்ற இளம்பெண் 1840-களின் கடைசியில் காதலர் தின அட்டைகளைத் தயாரிக்கத் தொடங்கினார். சரிகைபோல் துளையிட்ட தாள், வண்ணத்தாள், புடைப்புப் பூக்கள் எனப் பல பொருள்களை அடுக்கி ஒட்டிய அழகான அட்டைகள் அவை. விற்பனை பெருகியதும் பெண்களை வேலைக்கு அமர்த்தி, ஒருவர் வெட்ட, ஒருவர் அடுக்க, ஒருவர் ஒட்ட என்று வரிசை முறையில் செய்ய வைத்தார். எல்லாம் கைவேலைதான், ஆனால் யாருக்குப் போகிறது என்று ஒட்டியவருக்குத் தெரியாது. இன்றைய கைவினைக் கடைகளில் விற்கும் அட்டைத் தொகுப்புகளும் இந்த வகையே. முன்பே வெட்டிய பூக்கள், பின்னால் பசை தடவிய எழுத்துகள், எங்கே எதை ஒட்ட வேண்டும் என்ற படவிளக்கம் எல்லாம் அதிலேயே இருக்கும். வாங்குபவர் செய்வது கடைசிக் கட்டப் பொருத்து வேலை மட்டும். அட்டையின் மதிப்பைத் தீர்மானிப்பது பெறுபவரை நினைத்து எடுத்த முடிவுகள்: எந்தத் துணி, எந்த நிறம், எந்த ஒரு வரி. அந்த முடிவுகளை ஒரு நிறுவனம் முன்கூட்டியே எடுத்துவிட்டால் மிச்சமிருப்பது கோந்தின் ஈரம்தான்.

இனி எதிர்வாதங்களுக்கு வருவோம். முதலாவது, ‘எனக்குக் கைத்திறன் இல்லை, அலங்கோலமாக வரும், கொடுக்க வெட்கமாக இருக்கும்’ என்பது. இதில் பாதி உண்மை உண்டு. நார்ட்டன், மோச்சன், ஏரியலி ஆகிய மூன்று ஆய்வாளர்கள் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், காகிதத்தை மடித்துக் கொக்கும் தவளையும் செய்தவர்கள் தங்கள் படைப்புக்கு வைத்த விலை, அதையே பார்த்த மற்றவர்கள் வைத்த விலையைவிடப் பல மடங்கு அதிகமாக இருந்தது. நம் கைவேலை நம் கண்ணுக்கே அழகு என்பதற்கு இது சான்று. ஆனால் அந்த ‘மற்றவர்கள்’ செய்தவருக்கு முன்பின் தெரியாதவர்கள். நமக்கு வேண்டப்பட்டவர் கையில் கொடுக்கும்போது கணக்கு மாறுகிறது. 2018-இல் அமித் குமார், நிக்கோலஸ் எப்லி ஆகிய உளவியல் ஆய்வாளர்கள், நன்றிக் கடிதம் எழுதியவர்களிடமும் பெற்றவர்களிடமும் விசாரித்தார்கள். எழுதியவர்கள் தங்கள் சொல்திறத்தைப் பற்றிக் கவலைப்பட்டார்கள், பெறுபவருக்குச் சங்கடமாக இருக்கும் என்று எண்ணினார்கள். பெற்றவர்களோ அவர்கள் எண்ணியதைவிட அதிகமாக மகிழ்ந்தார்கள், எதிர்பார்த்த அளவு சங்கடப்படவும் இல்லை. நடையழகைவிட அன்பின் சூட்டையே அவர்கள் கவனித்தார்கள். கோணலாக வெட்டிய அட்டைக்கும் இது பொருந்தும் என்று கருத இடமுண்டு. வயது கடந்துவிட்டது என்பவர்களுக்கு மேரி டிலேனி இருக்கிறார். 1700-இல் பிறந்த இந்த ஆங்கிலேயப் பெண்மணி, கணவரை இழந்த பின், தம் 72-ஆவது வயதில் வண்ணத்தாளை நுணுக்கமாக வெட்டிப் பூக்களின் உருவங்களை ஒட்டத் தொடங்கினார். சில படங்களில் உண்மையான இலையையே சேர்த்தார். அவர் செய்த ஆயிரத்தை நெருங்கிய படங்கள் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

இரண்டாவது எதிர்வாதம் நேரம். வேலைக்கும் போய், பிள்ளைகளையும் பார்த்து, இதற்கு எங்கே பொழுது என்ற கேள்வி நியாயமானது. பண்டிகைக்கு ஐம்பது அட்டை என்ற பழைய கணக்கை விட்டாலே இதில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். உற்றார் எல்லோருக்கும் பண்டிகை வாழ்த்தைக் கைப்பேசியிலேயே அனுப்பலாம். அதில் குற்றம் எதுவுமில்லை. வருடத்தில் மூன்று நான்கு பேருக்கு, அவர்கள் வாழ்க்கையில் ஏதோ ஒன்று நடந்த வேளையில், ஓர் அட்டை என்பதே இங்கு கேட்கப்படுவது. வேலையும் பெரிதன்று. தடித்த அட்டையை இரண்டாக மடித்து, முதலில் எல்லாவற்றையும் ஒட்டாமல் அடுக்கிப் பார்க்க வேண்டும். இடம் சரியென்று தோன்றிய பின்பே பசை. பசை மெல்லியதாக இருக்கட்டும்; நீர்த்த பசையைத் தாராளமாகப் பூசினால் தாள் சுருண்டுகொள்ளும். ஒட்டியபின் கனமான புத்தகங்களுக்கு அடியில் ஓர் இரவு வைத்தால் படிந்துவிடும். இலையும் பூவும் பழைய செய்தித்தாளுக்கு இடையில் ஒன்றிரண்டு வாரம் காய்ந்திருக்க வேண்டும். ஈரம் மிச்சமிருந்தால் உறைக்குள்ளேயே பூஞ்சை பிடிக்கும். தபாலில் போவதானால் பொத்தான், கல் போன்ற புடைப்பான பொருள்களைத் தவிர்ப்பது நல்லது. முத்திரை விழும் இடத்தில் நொறுங்கும், எடையும் 20 கிராமைத் தாண்டிக் கட்டணத்தைக் கூட்டும். பசை காயும் நேரத்தைக் கழித்தால் இதெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலுக்குள் அடங்கும்.

மூன்றாவது எதிர்வாதம், இது யாருடைய வேலையாக முடியும் என்பது. இதுவே எல்லாவற்றிலும் கனமானது. அமெரிக்க மானுடவியலாளர் மிக்கேலா டி லியோனார்டோ, கலிஃபோர்னியாவில் வாழும் இத்தாலிய வம்சாவளிக் குடும்பங்களை ஆராய்ந்து 1987-இல் ஒரு கட்டுரை எழுதினார். வாழ்த்து அட்டை அனுப்புவது, பண்டிகை விருந்தை ஏற்பாடு செய்வது, உறவினரை விசாரித்துக்கொண்டே இருப்பது எல்லாம் சம்பளமில்லாத ஓர் உழைப்பு என்றும், அது பெண்கள் தலையிலேயே விழுகிறது என்றும் அவர் காட்டினார். நம் வீடுகளில் இது இன்னும் வெளிப்படை. கணவரின் தங்கைக்குச் செய்ய வேண்டிய சீரை நினைவில் வைப்பதும், மாமனாரின் நண்பர் வீட்டுத் துக்கத்தை விசாரிப்பதும் பெரும்பாலும் மருமகளின் பொறுப்பு. கைவேலை அட்டையும் அந்தச் சுமையில் ஒன்றாகச் சேருமானால் அதை எதிர்ப்பவர்கள் பக்கமே நியாயம் இருக்கும். எனவே ஒரு விதி வேண்டும்: யாருக்குச் சொல்ல வேண்டியது இருக்கிறதோ அவரே செய்ய வேண்டும். தம் நண்பரின் ஓய்வு நாளுக்கு அப்பா கத்தரியை எடுக்கட்டும். அக்காவின் பதவி உயர்வுக்குத் தம்பி பசை தடவட்டும். இன்னொருவர் செய்து, தான் கையெழுத்து மட்டும் போடுவது அச்சிட்ட அட்டைக்குத் திரும்பிப் போவதே.

நான்காவது, இது வசதி படைத்தவர்களின் பொழுதுபோக்கு, குப்பையையும் பெருக்கும் என்ற வாதம். கடையில் வாங்கிக் குவிக்கும் முறைக்கு இந்தக் குற்றச்சாட்டு அப்படியே பொருந்தும். பிளாஸ்டிக் ஜிகினாத் தூள், ஃபோம் ஷீட், பிளாஸ்டிக் முத்து, பளபளக்கும் டேப் ஆகியவை ஒட்டிய தாளை மறுசுழற்சிக்கு எடுப்பது கடினம். உதிரும் பிளாஸ்டிக் ஜிகினாத் தூளை நுண்பிளாஸ்டிக் என்று வகைப்படுத்தி, 2023 அக்டோபர் முதல் ஐரோப்பிய ஒன்றியம் அதன் விற்பனையைக் கட்டுப்படுத்தியிருக்கிறது. ஆனால் நான் வாதாடும் அட்டைக்குத் தேவையானவை வீட்டிலேயே கிடக்கின்றன: கிழிந்த சேலை, தீர்ந்த நோட்டின் அட்டை, பழைய நாட்காட்டித் தாள், திருமணப் பத்திரிகையின் பின்பக்கம், மைதாப் பசை. பணம் கொடுத்து வாங்குவதென்றால் அடித்தாளை மட்டும் வாங்கலாம். புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் கைக்காகிதத் தொழிலகம் 1959 முதல் இயங்குகிறது. பருத்திக் கழிவிலிருந்து செய்யும் தாள் அது, மரம் வெட்ட வேண்டியதில்லை. காந்தியுடன் சேர்ந்து அகில இந்திய கிராமத் தொழில் சங்கத்தை நடத்திய தஞ்சாவூர்க்காரர் ஜே.சி. குமரப்பா வளர்க்க நினைத்த தொழில்களில் கைக்காகிதமும் ஒன்று. ஜெய்ப்பூர் அருகே சாங்கனேரில் உள்ள தேசிய கைக்காகித நிறுவனம் அவர் பெயரையே தாங்கியிருக்கிறது. நான்கைந்து அட்டைக்கு ஒரு தாள் போதும் என்றால் இதை ஆடம்பரம் என்று சொல்ல முடியாது.

இந்த வாதம் முக்கியமாகச் சென்று சேர வேண்டிய இடம் பள்ளிக்கூடம். அன்னையர் தினத்துக்கும் ஆசிரியர் தினத்துக்கும் ஒரு வகுப்பே ஒரே மாதிரி அட்டை செய்கிறது. சார்ட் பேப்பர், ஃபோம் ஷீட், சம்கி வாங்கிவரச் சொல்லிக் குறிப்பு வருகிறது. முதல் நாள் இரவு அம்மாவே உட்கார்ந்து தனக்கான அட்டையைச் செய்து முடிக்கிறார். அழகுக்கு மதிப்பெண் போடப்படுகிறது. பிள்ளை இதில் கற்பது, வாழ்த்து என்பது மேலிடம் கேட்கும்போது ஒப்படைக்க வேண்டிய பொருள் என்பதை. யுனிசெஃப் நிறுவனத்தின் முதல் அட்டை பிறந்த கதை இதற்கு நேர்மாறானது. இரண்டாம் உலகப் போருக்குப் பின், செக்கோஸ்லோவாக்கியாவின் ஒரு கிராமத்தில் ஜிட்கா சாம்கோவா என்ற ஏழு வயதுச் சிறுமி, தன் ஊருக்கு உதவி வந்ததற்கு நன்றியாக ஆடிப்பாடும் குழந்தைகளை வரைந்தாள். தாள் கிடைக்காததால் கண்ணாடியில் தீட்டினாள் என்கிறது அந்த நிறுவனத்தின் வரலாறு. 1949-இல் அந்தப் படமே அட்டையாக அச்சானது. அந்தச் சிறுமிக்குச் சொல்வதற்கு ஒன்று இருந்தது, யாரிடம் சொல்வது என்றும் தெரிந்திருந்தது. நம் வகுப்பறைகளும் இந்த இரண்டை மட்டும் கேட்டால் போதும். யாருக்கு, எதற்காக என்பதைப் பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும். கடைப் பொருள் வேண்டாம். மதிப்பெண் கட்டாயம் வேண்டாம். பள்ளி வேன் ஓட்டுநருக்கும், பிரிந்துபோன சிநேகிதிக்கும், படுத்த படுக்கையாக இருக்கும் தாத்தாவுக்கும் அப்போது அட்டைகள் போகும்.

பழைய பொங்கல் அட்டையை மீட்கும் கனவைக் கைவிடுவதே நல்லது. அது தன் வேலையைச் செய்து முடித்துவிட்டது. பெரிய நாள்களைத் தொலைபேசிக்கு விட்டுவிட்டு, உங்களுக்குத் தெரிந்த ஒருவரை நினைத்துப் பாருங்கள்: சமீபத்தில் எதையோ தாண்டி வந்தவர், எதையோ இழந்தவர், யாரும் கவனிக்காமல் எதையோ சாதித்தவர். அவருக்கென்று எந்தக் கடையிலும் அட்டை இருக்காது. அதை இந்த ஞாயிற்றுக்கிழமை நீங்களே செய்து, உள்ளே இரண்டு வரி உங்கள் கையெழுத்தில் எழுதி, தபாலில் சேருங்கள்.